ஒன்பது முறை

காது இரையுது என்றேன்.
பேர்ண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தி
சின்னச் சின்னச் சத்தங்கள் அனுப்பி
கடதாசியில் கோடு கீறினார்கள்.
காதில் பழுதில்லை, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டொக்டர்.
பழகினேன்.
ஃபிரிட்ஜ் ஓய்ந்த பிறகும் ஓயாத ஃபிரிட்ஜ் ஒன்று
இடது காதுக்குப் பின்னால்.
மனிசனுக்குக் கேட்காது. பிள்ளைகளுக்குக் கேட்காது.
அந்தக் காதை வைத்துப் படுக்கும் தலையணைக்கும் கேட்காது.

மிக்றோஸ் கார் பார்க்கில்தான் பிடிபட்டது.
றிவேர்ஸ் எடுக்க இடப்பக்கம் கழுத்தைத் திருப்ப
சத்தம் ஒரு படி ஏறியது.
நேரே பார்க்க, இறங்கியது.
திருப்பினேன், ஏறியது.
பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்,
நான் இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தேன்.

பீல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடி.
காப்புறுதி தந்தது ஒன்பது முறை.
'ஃப்ரௌ சிவபாதசுந்தரம்' என்று
என் மனிசனின் பெயரை இரண்டு மூச்சில் கூப்பிட்டாள் ரெகுலா.
கழுத்திலும் காதிலும் உள்ளதைக் கழற்றச் சொன்னாள்.
தோடு கழன்றது.
கொடியில் கை வைத்தபடி நின்றேன்.
பதினொரு பவுண்.
குளிக்கும்போதும் கழற்றியதில்லை.
எவர்சில்வர் தட்டில் அது விழுந்த சத்தத்துக்கு
பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.
இந்தப் பாரத்தாலா, என்று கேட்டேன், பாதி ஆசையோடு.
சிரித்தாள். இல்லை. என்ன வேலை செய்கிறீர்கள்?

மணிக்கூட்டுத் தொழிற்சாலை. பத்தொன்பது வருஷம்.
எள்ளிலும் சின்னத் திருகாணிகள்.
மைக்ரோஸ்கோப்பில் பார்த்து
தலை உடைந்ததை இந்தக் கிண்ணத்தில்
நல்லதை அந்தக் கிண்ணத்தில்.
அதற்கு முதல்?
தையல்.
அதற்கும் முதல்?
பெண் பார்க்க வந்தவர்களுக்கு என்னைப் பற்றிச் சொன்னதை
ஜெர்மன் பாஷையில் எப்படிச் சொல்வது:
'குனிஞ்ச தலை நிமிராத பிள்ளை.'
என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ் அது.
கனகாலமாகக் குனிந்திருக்கிறேன் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மண்டை முடிந்து கழுத்துத் தொடங்கும் இடத்தில்
இரண்டு விரலை வைத்துக் காத்திருந்தாள்.
அழுத்தவில்லை.
என் தலை தன் பாரத்தோடு தானே இறங்கட்டும் என்று விட்டாள்.
ஐந்து கிலோ வரும் என்றாள்.
இதுவரை ஒருவரும் தூக்கிப் பார்த்ததில்லை.
பிறகு, புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு.
அதை அவள் தொட
சத்தம் நெளிந்தது.

நாலு வருஷமாக எனக்கு மட்டும் கேட்ட ஒன்றை
வேறொருத்தியின் விரல் அசைத்துவிட்டது.
கண்ணீர் காதுக்குள் ஓடியது.
நோகுதா என்றாள்.
ஓம் என்றேன். அது சுலபமான பதில்.

வீட்டுப்பாடம்:
நாடியை உள்ளே இழு, இரட்டை நாடி வரட்டும், பத்து எண்ணு.
பஸ்சில் செய்தேன்.
ஒரு பெடியன் எழும்பி இடம் தந்துவிட்டு
தூரத்தில் போய் நின்றுகொண்டான்.
வேலையில், மைக்ரோஸ்கோப்பின் அடியில்
இரண்டு பலகைத் துண்டு வைத்து உயர்த்தினேன்.
இது எதற்கு என்றார் போர்மன்.
நிமிர்ந்து பதில் சொன்னேன்.
அவருக்குப் பச்சைக் கண் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

நாலாம் முறை ஒன்றும் நடக்கவில்லை.
ஐந்தாம் முறைக்குப் பிறகு கூடியது; ஒரு கிழமை நித்திரை இல்லை.
ஆறாம் முறை போகாமல் விடப் பார்த்தேன்.
மனிசன்தான் கொண்டுபோய் இறக்கினார்,
காருக்குள்ளேயே இருந்தார்.

ஒன்பதாம் முறை.
போய்விட்டதா என்றாள் ரெகுலா.
போகவில்லை.
பக்கத்து வீட்டுக் குக்கர் மாதிரி இரைகிறது.
என் அடுப்பில் இல்லை.
எழும்பிப் போய் நிறுத்தத் தேவையில்லை.
அவளுக்கு விளங்கியதோ தெரியாது, எழுதிக்கொண்டாள்.

தட்டிலிருந்து கொடியை எடுத்தேன்.
சுரை பூட்டுப்படவில்லை, கை வழுக்கியது.
கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
ஐந்து இருபது பஸ் வந்து நின்றது.